மண்ணும் தண்ணீரும் பார்த்து ஆண்டெனா வைப்பது: 40 மீட்டர் வெர்டிகலுக்கு முழுமையான வழிகாட்டி

புதிதாக உரிமம் வாங்கிய ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்கள், வெர்டிகல் (நிமிர்ந்து நிற்கும்) ஆண்டெனா கட்டும் வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: வசதிப்பட்ட இடத்தில் கம்பத்தை நடு, நாலு கம்பியைத் தரையில் விரி, எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா ஆற்றலை ஏற்காமல் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் விகிதம், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) பார், 1.1 வந்தால் வேலை முடிந்தது. மறுநாள் டெல்லி கேட்கும், ஜப்பான் கேட்காது. முதலில் ரேடியோவின் மேல் சந்தேகம் வரும், அப்புறம் ஆம்ப்ளிஃபையர் விலை விசாரிப்பார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஆண்டெனாவுக்கு எதிரே என்ன தரை இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை மாற்றவே முடியாது. அடுத்து அடியில் இருக்கும் தரை. அதைக் கம்பி போட்டுச் சரிசெய்யலாம். எஸ்டபிள்யூஆர் கடைசி வேலை. கீழே உள்ளதெல்லாம் 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் அலைநீளத்தில், இயங்கும் கால் அலை வெர்டிகலுக்கானது (உயரம் அலைநீளத்தில் கால் பங்கு, சுமார் 10 மீட்டர்). மற்ற அலைவரிசைகளுக்கு நீளங்களை விகிதப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நானோவிஎன்ஏ அல்லது வேறு ஏதாவது ஆண்டெனா அனலைசர். எஸ்டபிள்யூஆர் மீட்டர் மட்டும் போதாது. மின்தடையும் மறுப்பும் (ரியாக்டன்ஸ்) தனித்தனியாகத் தெரிய வேண்டும், காரணம் 7ஆம் படியில்.

வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1 சதுர மி.மீ. பிவிசி செம்புக் கம்பி, 90 மீட்டர் சுருள் ஒன்று. இதிலேயே ரேடியல்களும் (காலடியிலிருந்து தரையில் சுற்றிலும் விரியும் கம்பிகள்) மேலே போகும் கம்பியும் வந்துவிடும். ஜிஐ கம்பி மலிவு, ஆனால் உயர் அதிர்வெண்ணில் இழப்பு அதிகம், துருவும் பிடிக்கும்.

10 மீட்டருக்குக் குறையாத ஃபைபர் கம்பம் அல்லது நல்ல மரம் ஒன்று, ஃபெரைட் வளையம், எவர்சில்வர் போல்ட்-நட், தண்ணீரின் டிடிஎஸ் பார்க்கும் பேனா. வீட்டில் ஆர்ஓ இருந்தால் அந்தப் பேனா ஏற்கெனவே ஏதாவது ஒரு டிராயரில் கிடக்கும்.

மின்கம்பி எதுவும் கம்பம் சாய்ந்தால் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. மண் இரண்டு இடங்களில் இழப்பு தருகிறது

மண் பற்றிய குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

முதல் இடம் ஆண்டெனாவின் காலடி. கால் அலை வெர்டிகல் பாதி ஆண்டெனாதான். மீதிப் பாதியின் மின்னோட்டம் தரை வழியாகத் திரும்பி வர வேண்டும். மண் மோசமான கடத்தி என்றால் அந்த ஓட்டம் மண்ணைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். இதைக் குறைக்கத்தான் ரேடியல்.

இரண்டாவது இடம் எதிரே சில பத்து மீட்டர்கள் தொடங்கிப் பல நூறு மீட்டர்கள் வரை. ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் அலையில் ஒரு பகுதி அங்கே தரையில் பட்டுத் திரும்பி, நேராகப் போகும் அலையோடு சேர்கிறது. நல்ல கடத்தியில் பட்டால் கூட்டிக்கொடுக்கும். மோசமான மண்ணில் பட்டால், தாழ்ந்த கோணத்தில், எதிர்த்து நின்று கழித்துவிடும். தூரத்து நாடுகளுக்குத் தேவைப்படுவது அந்தத் தாழ்ந்த கோணம்தான். இங்கே உங்கள் ரேடியல் எதுவும் செய்யாது, அவ்வளவு தூரம் அது போகாது.

ஒரு கணக்கு பார்த்துவிடலாம். 10 மீட்டர் வெர்டிகலின் நடுப்பகுதி 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 5 பாகைக் கோணத்தில் எதிரொலிக்கும் அலை 57 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 2 பாகை என்றால் 143 மீட்டர். இது நடுப்புள்ளி மட்டும்தான், எதிரொலிக்கும் பரப்பு அதற்கு முன்னும் பின்னும் நீண்டு கிடக்கும்.

3. எந்தத் திசை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வரைபடம் எடுத்து, உங்கள் ஊரிலிருந்து நீங்கள் பேச விரும்பும் நாடுகளுக்குப் பெருவட்டத் திசையை (உலக உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியின் திசை) குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண தட்டை வரைபடத்தில் கோடு போட்டால் தப்பாக வரும். உங்கள் ஊரை மையமாக வைத்த அசிமுத் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

கடற்கரைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். சென்னைக் கடற்கரையில் நின்றால் வடகிழக்கே ஜப்பான், தென்கிழக்கே ஆஸ்திரேலியா, இரண்டு திசையிலும் எதிரே கடல். ஐரோப்பாவோ வடமேற்கில், அங்கே எதிரே நிலம். மெரினாவில் தண்ணீரை ஒட்டியே வைத்தாலும் ஐரோப்பாவுக்கு அந்தக் கடல் உதவாது. இலங்கையின் மேற்குக் கரையில், நீர்கொழும்பில் நிற்பவருக்கு நிலைமை நேர்மாறு: ஐரோப்பா கடல் பக்கம், ஜப்பான் நிலத்தின் பக்கம்.

4. மண்ணை எடைபோடுங்கள்

ஆண்டெனாக் கணக்குகளில் மண்ணுக்கு இரண்டு எண்கள் வரும்: மின்கடத்துதிறன், மின்காப்பு மாறிலி. புழக்கத்தில் உள்ள அளவுகள் இவை:

கடல்நீர்: 5 சீமன்ஸ்/மீட்டர், 80
ஈரமான வளமான மண்: 0.03, 20
சராசரி மண்: 0.005, 13
வறண்ட மணல், பாறை: 0.001, 5

காவிரி டெல்டாவின் வண்டல் ஈரமாக இருக்கும்போது வளமான மண் வரிசையில் சேரும். செம்மண் பெரும்பாலும் சராசரி அல்லது அதற்குக் கீழே. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஒரு முழத்துக்குக் கீழே பாறை தட்டினால் கடைசி வரிசைதான். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலும் அப்படியே. கோவில்பட்டிக் கரிசல் மழைக்காலத்தில் அருமையான மண், சித்திரையில் வேறு மண்.

மேல் மண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் சராசரி மண்ணுக்குள் அலை சுமார் 4 மீட்டர் ஆழம் வரை ஊடுருவும். அதனால் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. நீர்மட்டம் எங்கே, பாறை எங்கே என்று சுவரிலேயே தெரியும்.

மண் வள அட்டை வைத்திருப்பவர்கள் அதில் உள்ள ஈசி (மின்கடத்துதிறன்) அளவை அப்படியே ஆண்டெனாக் கணக்கு மென்பொருளில் போட்டுவிடுகிறார்கள். செய்யக் கூடாது. அது மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஆய்வகத்தில் எடுத்த அளவு. வயலில் கிடக்கும் மண்ணின் ஈரமும் இறுக்கமும் வேறு. இரண்டு வயல்களில் எது உப்பு மண் என்று ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

மென்பொருள் பற்றி ஒரு எச்சரிக்கை. எம்மானா-கால் போன்ற மினிநெக் வகை மென்பொருள்கள், ஆண்டெனாவின் மின்தடையைக் கணக்கிடும்போது தரையை முழுமையான கடத்தியாக எடுத்துக்கொள்ளும். எந்த மண்ணைக் கொடுத்தாலும் 36 ஓம் என்றே சொல்லும். காலடி இழப்பு அதில் வராது. 4நெக்2 மென்பொருளில் ரேடியல்களைத் தரைக்குச் சில சென்டிமீட்டர் மேலே வரைந்து, நிஜ மண்ணைக் கணக்கில் எடுக்கும் சோமர்ஃபெல்ட் தரையைத் தேர்ந்தெடுத்தால் நம்பத் தகுந்த விடை வரும்.

5. தண்ணீர் எல்லாம் ஒன்றில்லை

டிடிஎஸ் பேனாவை இங்கேதான் எடுக்க வேண்டும். பேனாவில் ஈசி காட்டும் வசதி இருந்தால் மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. அளவை 10,000ஆல் வகுங்கள், சீமன்ஸ்/மீட்டர் கிடைக்கும். ஏரியில் 500 காட்டினால் 0.05. கடல்நீர் 50,000 அளவில் இருக்கும், மலிவான பேனா அதற்கு எட்டாமல் திணறும்.

இந்த எண்களை 7 மெகாஹெர்ட்ஸில், 5 பாகைக் கோணத்துக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சராசரி மண்ணைவிட அந்த ஏரி 5 முதல் 6 டெசிபல் நல்லது. கடல் 10 டெசிபல் நல்லது. அதாவது கடல் மேல் 10 வாட் செய்வதை உள்நாட்டு வயலில் செய்ய 100 வாட் வேண்டும். 20 பாகைக்கு வந்தால் கடலின் முன்னிலை 4 டெசிபலாகச் சுருங்கிவிடும். பக்கத்து நாடுகளோடு பேசுகிறவர்கள் இதற்காகக் கடற்கரைக்கு அலைய வேண்டியதில்லை.

ஆழமும் கணக்கில் வரும். கடல்நீருக்குள் அலை 8, 9 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே கடல்தான். ஏரிநீரில் ஒரு மீட்டருக்கு மேல் ஊடுருவும். கோடையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஏரியில் அடித்தரைதான் பாதி வேலையைச் செய்கிறது.

கடற்கரையில் பலரும் செய்யும் தவறு, கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், காய்ந்த மணலில் கம்பத்தை நடுவது. அந்த மணல் நம் பட்டியலில் கடைசி வரிசை. தண்ணீரிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் 57 மீட்டரில் விழ வேண்டிய எதிரொலி மணலில் விழுகிறது. கம்பம் ஈர மணலில், அலை வந்து தொடும் இடத்தை ஒட்டி இருக்கட்டும். 10 மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். பேட்டரி உயரத்தில் இருக்கட்டும். வீட்டை விட்டு வெளியே நிலையம் இயக்க உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை என்று படித்துவிட்டு, அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிடுவது நல்லது. கடற்கரையில் கம்பம், கம்பி, மோர்ஸ் சத்தம் என்றால் யாராவது வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள்.

உப்பளம், கழிமுகச் சேறு, அலையாத்திக் காட்டு ஓரம் ஆகியவையும் கிட்டத்தட்ட கடல் போலவே நடந்துகொள்ளும். வேதாரண்யம், தூத்துக்குடி ஆட்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள்.

6. இந்த இடத்தில் வெர்டிகல் தேவையா என்று ஒருமுறை யோசியுங்கள்

படுக்கையாகக் கட்டும் டைபோலுக்கு, அதாவது நடுவில் கேபிள் இணைந்த இரு கைக் கம்பி ஆண்டெனாவுக்கு, காலடியில் திரும்பி வரும் ஓட்டம் தேவையில்லை. தரையின் எதிரொலியும் எந்த மண்ணிலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். அதற்கு உயரம்தான் முக்கியம். 14 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் உயரம் என்பது அரை அலை. மண் மோசமாக இருந்தால் அங்கே டைபோல்தான் என் தேர்வு, யோசிக்கவே வேண்டாம்.

7 மெகாஹெர்ட்ஸில் அதே 10 மீட்டர் கால் அலைதான். பெரும்பகுதி ஆற்றல் தலைக்கு நேர் மேலே போகும். தமிழ்நாடு முழுக்கப் பேச அது பிரமாதம், கண்டம் தாண்ட உதவாது. 20 மீட்டர் கம்பம் வைக்க வழியில்லாதவர்களுக்கு வெர்டிகல் நியாயமான வழி, மண் சுமாராக இருந்தாலும்.

மொட்டை மாடிக்காரர்கள் அடுத்த படியில் கடைசிக்கு முந்தைய பத்தியைப் பாருங்கள்.

7. ரேடியல் போடுங்கள், மின்தடை இறங்குவதைப் பாருங்கள்

இதுதான் மொத்த வேலையின் நடு. அவசரப்படாமல் செய்யுங்கள்.

90 மீட்டர் சுருளிலிருந்து 4.9 மீட்டர் நீளத்தில் 16 துண்டுகள் வெட்டுங்கள். மீதி 11.6 மீட்டர் இருக்கும், அதில் 10.4 மீட்டரை மேலே போகும் கம்பியாக வையுங்கள்.

ரேடியலும் 10 மீட்டர் இருக்க வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தரையில் கிடக்கும் கம்பியில் அலை மெதுவாக ஓடும். காற்றில் கால் அலையாக இருக்கும் 10 மீட்டர் கம்பி மண்ணில் அதைவிட நீளமாக நடந்துகொள்ளும். ரேடியல்கள் நாலே நாலாக இருக்கும்போது இது இழப்பைக் கூட்டவும் செய்யும். ரூடி செவர்ன்ஸ் என்ற அமெரிக்க ஹாம் இதை வயலில் அளந்தே காட்டியிருக்கிறார். மின்னோட்டம் அடர்த்தியாக இருப்பது காலடிக்கு அருகே என்பதால், கையில் உள்ள கம்பியை நீளத்தில் செலவழிக்காமல் எண்ணிக்கையில் செலவழிப்பதே லாபம். 16க்கு மேல் போகப் போக லாபம் குறையும், 32க்கு மேல் போட எனக்கு மனம் வராது. வானொலி நிலையங்கள் போடும் 120 நமக்கு வேண்டாம்.

முதலில் 4 மட்டும் இணையுங்கள். ஆண்டெனாவின் காலடியிலேயே நானோவிஎன்ஏவை வையுங்கள். ரேடியோ அறையில் கோஆக்ஸின் (ரேடியோவையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கேபிள்) மறுமுனையில் வைத்து அளந்தால் கேபிள் எண்ணை மாற்றிக் காட்டும். மறுப்பு பூஜ்யமாகும் அதிர்வெண்ணைத் தேடி, அங்கே மின்தடை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 8, 12, 16 என்று ஏற்றி ஒவ்வொரு முறையும் குறியுங்கள்.

இழப்பே இல்லாத தரையில் கால் அலை வெர்டிகலின் மின்தடை 36 ஓம். அதற்கு மேல் காட்டுவதில் பெரும்பகுதி மண் தின்பது. மீட்டரில் 50 ஓம் வந்தால் எஸ்டபிள்யூஆர் அழகாக 1.0 காட்டும், ஆனால் 14 ஓம் மண்ணுக்குப் போகிறது. 36ஐ 50ஆல் வகுத்தால் 72 சதவீதம்தான் மேலே போகிறது. ரேடியல் சேர்க்கச் சேர்க்க 50 என்பது 45, 40 என்று இறங்கும், எஸ்டபிள்யூஆர் 1.0இலிருந்து 1.3 பக்கம் ஏறும். புதியவர்கள் பயந்துபோய்ப் போட்ட ரேடியலைக் கழற்றுவது இந்த இடத்தில்தான். அந்த ஏற்றம் நல்ல சேதி, விட்டுவிடுங்கள்.

நாலு ரேடியல் சேர்த்தும் ஒரு ஓம்கூட இறங்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். 36க்கும் கீழே போனால் சந்தோஷப்படாதீர்கள். பக்கத்தில் தகரக் கூரையோ இரும்பு வேலியோ ஆண்டெனாவோடு பிணைந்திருக்கலாம்.

தரையில் கம்பி போட வழியில்லாதவர்கள், மொட்டை மாடியில் இருப்பவர்கள், பாறை மேல் இருப்பவர்கள் எல்லோரும் ரேடியலைத் தூக்கிக் கட்டலாம். அப்போது 4 போதும், ஆனால் ஒவ்வொன்றும் காற்றில் கால் அலை, அதாவது சுமார் 10 மீட்டர், எல்லாம் ஒரே நீளம், எதிரெதிர் திசைகளில். தலைக்கு மேலே இருக்கட்டும், ஒலிபரப்பும்போது முனைகளில் மின்னழுத்தம் அதிகம், தொட்டால் சுடும். மேலே ஏற்றிக் கட்டிய 4, தரையில் கிடக்கும் பல டஜனுக்கு ஈடு கொடுக்கும், ஏனென்றால் ஓட்டம் மண்ணுக்குள் போக வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

கடலோர ஈர மணலில் வேலை இன்னும் சுலபம். சில கம்பிகளின் முனை உப்புத் தண்ணீரில் நனைந்திருந்தாலே போதும்.

8. எர்த் குழியை இதோடு குழப்பாதீர்கள்

வீட்டு எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுகிறோம், ஆண்டெனாக் காலடியிலும் கொட்டினால் என்ன என்ற யோசனை தவறாமல் வரும். எர்த் குழி 50 ஹெர்ட்ஸ் கசிவு மின்சாரத்துக்கு. 7 மெகாஹெர்ட்ஸ் ஓட்டம் பல மீட்டர் சுற்றளவுக்குப் பரவிக் கிடக்கிறது, ஒரு வாளி உப்பு அதை எட்டாது. செம்புக் கம்பியை அரிப்பதும், பக்கத்துத் தென்னையை வாட்டுவதும்தான் மிச்சம். ஆழமாக அடித்த எர்த் ராடும் ரேடியலுக்கு மாற்று ஆகாது.

ஆனால் ராட் வேண்டும், மின்னலுக்காக. அதையும் ரேடியல்கள் சேரும் வளையத்தையும் வீட்டு எர்த்தையும் தடிமனான கம்பியால் ஒன்றாக இணைத்துவிடுங்கள். இடி இடிக்கும்போது கோஆக்ஸைக் கழற்றி வெளியே போடுங்கள்.

9. சோக் போட்டு, அப்புறம் நீளத்தைச் சரிசெய்யுங்கள்

காலடியில் ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸை 10, 12 சுற்று சுற்றிவிடுங்கள். இதுதான் சோக். இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்புறமே இன்னொரு ரேடியலாகி, ஓட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். நீளம் வெட்டும் முன்பே சோக் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் அளவு நகர்ந்துவிடும்.

இப்போதுதான் மேல் கம்பியை வெட்டலாம். ரேடியல் கூடும்போது ஒத்திசைவு (மறுப்பு பூஜ்யமாகும் அதிர்வெண்) நகர்ந்துகொண்டே இருந்திருக்கும், அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்தோம். 5 செ.மீ. 5 செ.மீ.யாகக் குறைத்து 7.1க்குக் கொண்டு வாருங்கள். 1.4 எஸ்டபிள்யூஆரை ரேடியோ கண்டுகொள்ளாது.

10. ஒப்பிட்டுச் சோதியுங்கள்

"59 வருது சார்" (தெளிவாக, பலமாகக் கேட்கிறது) என்பது சோதனை ஆகாது. 7 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். டபிள்யூஎஸ்பிஆரில் (உங்கள் சிக்னலைக் கேட்கும் நிலையங்கள் அதன் அளவை இணையத்தில் பதியும் முறை) குறைந்த ஆற்றலில், இந்த ஆண்டெனாவும் வேறொரு ஒப்பீட்டு ஆண்டெனாவும் மாறி மாறி 2 நிமிடச் சுற்றுகளாக, சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் ஓடட்டும். பிறகு ஒரே நிலையம் இரண்டையும் கேட்ட பதிவுகளை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.

தூரத்தையும் திசையையும் பிரித்துப் பாருங்கள். 500 கி.மீ.க்குள் டைபோல் ஜெயிக்கும், அது குறையே இல்லை. 5,000 கி.மீ.க்கு அப்பால், கடல் பக்கமும் நிலப் பக்கமும் வித்தியாசமாக இருக்கிறதா என்று பார்த்தால் 3ஆம் படியில் போட்ட கணக்கு சரியா என்று தெரிந்துவிடும்.

11. பருவம் மாறும்போது மறுபடி அளங்கள்

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு ஒருமுறை, கத்திரி வெயிலில் ஒருமுறை, காலடியில் மின்தடையைக் குறித்து வையுங்கள். ரேடியல் குறைவாக இருக்கும் ஆண்டெனாவில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். போதிய ரேடியல் இருந்தால் எண் அதிகம் அசையாது. எனவே கோடையில் எண் எகிறினால் ரேடியல் போதவில்லை என்று அர்த்தம்.

கரிசல் காட்டில் கூடுதல் தொல்லை ஒன்று. மண் காய்ந்து வாய் பிளக்கும்போது, இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்த கம்பி வெடிப்பின் குறுக்கே வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கும். இன்னும் இழுத்தால் காலடிப் பற்றவைப்பில்தான் அறுபடும். அங்கே கம்பியைப் புதைக்காமல், கொஞ்சம் தளர்வாக மேலேயே விரித்து, யு வடிவில் வளைத்த கம்பியால் ஆங்காங்கே குத்தி வைப்பது மேல். ஏர் ஓட்டுபவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடலோரத்தில் அரிப்புதான் பிரச்சினை. செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இணைப்பு உப்புக் காற்றில் சீக்கிரமே வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். நடுவில் எவர்சில்வர் வாஷர் வைத்து, மேலே கிரீஸ் தடவுங்கள். மின்தடை திடீரென ஏறினால் மண்ணைச் சந்தேகப்படும் முன் அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.